பூஜைக்குக் கொடுத்த தேங்காய்ப்பூத் துண்டு

தொண்ணூற்றேழாம் வருடம், துர்கா பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம், கல்கத்தாவுக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் நான் குத்தகைக்கு எடுத்திருந்த கத்திரித் தோட்டம். இப்போது கொல்கத்தா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் கல்கத்தாதான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் செய்த காரியம் எப்படி வந்தது என்று புரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் படிப்போடும் இரண்டு சட்டையோடும் ஹௌராவில் வந்து இறங்கியவன் நான். பவானிபூரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் கரியடுப்பு மூட்டினேன். அப்புறம் தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகக் காய் விற்றேன். கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் நான்கு மாடி ஏறி இறங்கி முருங்கைக்காய் கொடுத்த கால் இது. நாற்பத்தைந்து வயதில் பவானிபூரில் சொந்தக் கடை, ஒரு மேடடார் வேன், குத்தகைக்கு எட்டு பிகா நிலம், நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்காமல் ஐந்து பாஷை பேசுவேன். என் பிள்ளைகள் இருவரையும் இன்ஜினீயர் ஆக்கினேன். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடும். சனிக்கிழமை காலையில் என் வேன் கிடர்பூர் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும்போதே பால்கனிகளில் தலைகள் தெரியும். போர்ட்டில் வேலை, ரயில்வேயில் வேலை, சென்ட்ரல் கவர்ன்மென்ட் என்று மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள். ஒரு மாடியில் தஞ்சாவூர்ப் பேச்சு, அடுத்த மாடியில் கோயம்புத்தூர்ப் பேச்சு, அதற்கும் மேலே நாகர்கோவில். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே பேச்சு, வங்காளம்! "மா, ஷப்ஜி காக்கு வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு படியில் உருண்டு வருவார்கள். காய்கறிச் சித்தப்பா என்று அர்த்தம். அந்த ஊரில் கால் கிலோ சின்னக் கத்திரிக்காய்க்கும் ஒரு கட்டு கருவேப்பிலைக்கும் இருந்த மரியாதை இன்று தங்கத்துக்குக்கூட இல்லை. எண்ணெய்க் கத்திரிக்காய்க்குத் தோதான பிஞ்சுக் காயை வருடம் முழுக்கக் கல்கத்தாவில் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

என் காய்க்கு ஒரு சத்தியம் உண்டு. "ஓட்டைக் காய் ஒண்ணு இருந்தாலும் கூடையோடத் திருப்பிக் குடுங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை. அது எப்படி முடிந்தது என்றால், மருந்தால் முடிந்தது. வங்காளத்து மழையில் கத்திரிக்குப் புழு விழாமல் இருக்காது. மூன்று நாளைக்கு ஒரு தரம் அடித்தால்தான் என் சத்தியம் நிற்கும். நவராத்திரி சமயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த மருந்தை அடித்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை தாதா என்றுதான் கூப்பிடுவேன். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். ஒல்லியான ஆள். முதுகில் பதினாறு லிட்டர் டேங்கை மாட்டிக்கொண்டு, இடது கையால் நெம்பி, வலது கையால் குழாயை வீசிக்கொண்டு நடந்தால் ஒரு செடி தப்பாது. வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். தோளில் எப்போதும் ஒரு காம்சா இருக்கும். காம்சா என்பது சிவப்புக் கட்டம் போட்ட அந்த ஊர்த் துண்டு. சல்லடை மாதிரி மெல்லிசாக இருக்கும். அதைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார். வேலை முடிந்ததும் குளத்தில் அலசி வேலியில் போட்டால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

மருந்தடிக்கிற நாளில் அவருக்குத் தலை சுற்றும், குமட்டும். புளித்தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வார். கேட்டால், "அது அப்படித்தான் பாபு. புழு சாகணும்னா எனக்குக் கொஞ்சம் மயக்கம் வரணும்ல" என்பார். எங்கள் தோட்டத்தில் மட்டும் இல்லை, பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதைதான். கண் எரிச்சல், கை நடுக்கம், இருமல். மழை பெய்தால் நனைவது போல, மருந்தடித்தால் இதெல்லாம் வரும் என்று எல்லோரும் இருந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதுவும் உண்மைதான். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. யோசித்தேன். எனக்குத்தான் தெரியாத வித்தை இல்லையே! மெஸ்ஸில் கரியடுப்பு மூட்டும்போது புகை கண்ணை அவித்துவிடும். அப்போது நானே கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு. தடித்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூக்கோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் புகை அண்டாது. புகைக்கு ஆகும் என்றால் மருந்துக்கு ஆகாதா? இந்தக் காம்சா என்னத்தைத் தடுக்கும், கொசுவைக்கூடத் தடுக்காது என்று முடிவு கட்டினேன்.

பூஜை வந்தால் வேலையாட்களுக்குப் புதுத்துணி கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மற்ற முதலாளிகள் கரியாஹாட் பிளாட்பாரத்தில் டஜன் கணக்கில் காம்சா வாங்கி ஆளுக்கு ஒன்று தள்ளிவிடுவார்கள். நான் அப்படியா? ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் என் மச்சினனுக்குக் கடிதம் போட்டு, ஒன்றாம் நம்பர் தேங்காய்ப்பூத் துண்டாக ஒரு கட்டு ரயில் பார்சலில் வரவழைத்தேன். வெள்ளை வெளேரென்று, விரலை வைத்தால் புதையும்.

வீட்டில் கட்டைப் பிரித்தபோது என் மனைவி ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஊரு புழுக்கத்துக்கு இம்புட்டுத் தடியாவா வாங்குவாக? ஒருக்கா நனைச்சா மூணு நாளைக்குக் காயாதே."

"நனைஞ்சு இருக்கணும்னுதான் வாங்கியிருக்கேன். உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று மடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் தோட்டத்தில் எட்டு ஆட்களையும் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். களை எடுக்கும் பெண்கள் முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்கள். தாதா துண்டைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"பாபு, இது துண்டா, கம்பளியா? பௌஷ் மாசக் குளிருக்குப் பத்திரமா வச்சுக்கவா?"

"வச்சுக்கறதுக்கு இல்ல தாதா. மருந்தடிக்கும்போது கட்டிக்கணும். இப்படிப் பாருங்க."

கொட்டகைப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதில் துண்டை முக்கிப் பிழிந்து, என் மூக்கையும் வாயையும் சுற்றி, கழுத்தில் இரண்டு சுற்று விட்டுக் கட்டிக் காட்டினேன். களை எடுக்கும் கிழவி ஒருத்தி இருந்தாள், அந்தத் தோட்டத்திலேயே பெரிய வாயாடி. "ஐயோ, பாபு கொள்ளைக்காரன் ஆயிட்டாரு, பொட்டியப் பூட்டுங்கடி" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தோஷமான நாள் அது.

அந்தத் தொட்டியில்தான் தாதா மருந்து கலக்கும் வாளியைக் கழுவுவார். வேலை முடிந்ததும் டேங்கையும் அங்கேதான் அலசுவார். இது எனக்குத் தெரியாததில்லை. தினமும் பார்த்ததுதான். பார்த்தும் புத்திக்கு ஏறவில்லை.

முதல் தடவை அடித்த அன்று நான் இல்லை. இரண்டாவது தடவை அடித்து முடித்த பிறகு, கத்திரி ஏற்ற வேனோடு போனேன். தாதா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"பாபு, இந்தத் துண்டு கட்டினா கழுத்து எரியுது. தோலெல்லாம் செவந்து போச்சு, பாருங்க."

பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. நான் சொன்னேன், "புதுத் துண்டுல கஞ்சி இருக்கும் தாதா. ரெண்டு தரம் அலசினா சரியாப் போயிடும்."

"தலைவலி வேற விடமாட்டேங்குது."

"வெயில். புளித்தண்ணி குடிங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த இரண்டு பதிலும் இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது தடவை. காலை ஏழரை மணி இருக்கும். என் வேன் வரப்போரம் நின்றபோது தாதா டேங்கை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். மூக்கில் பழைய காம்சா. என் தேங்காய்ப்பூத் துண்டு கொட்டகை மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ன தாதா, ஈரோட்டுலேந்து வரவழைச்சுக் குடுத்தா, மூங்கிலுக்கா கட்டி விட்டிருக்கீங்க? இந்தக் கந்தல்தான் ஒங்களுக்கு ஒசத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக ஒரு கேலி வரும் இடம் அது. வரவில்லை. காம்சாவை அவிழ்த்து வேலியில் போட்டார். துண்டை எடுத்தார். மூன்று நாளாகியும் அது காயவில்லை. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தொட்டியில் இன்னொரு முறை முக்கிப் பிழிந்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே மூக்கிலும் கழுத்திலும் சுற்றிக் கட்டினார். எனக்குத் திருப்தி ஆகிவிட்டது.

நான் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். டேங்கை நெம்பும் கைப்பிடிச் சத்தம் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் போயிருக்கும். சத்தம் நின்றுவிட்டது. மருந்து தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் களை எடுக்கும் கிழவியின் குரல் வந்தது. இந்தத் தடவை கேலிக் குரல் இல்லை.

ஓடினேன். பாத்திக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். டேங்க் முதுகிலேயே இருந்தது. வாயிலிருந்து எச்சில் கோடாக வழிந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கன்னத்துச் சதை, யாரோ உள்ளேயிருந்து சுண்டுவது போலத் துடித்தது. "பாபு, இருட்டிக்கிட்டு வருதே" என்றார். காலை பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவியை நான் பௌதி என்பேன், அண்ணி என்று அர்த்தம். அவளும் அதே தோட்டத்தில்தான் களை எடுத்தாள். நானும் டிரைவரும் தாதாவைத் தூக்கி வேனில் போட்டோம். படுக்க வைக்க இடம் ஏது? ஏற்றிய கத்திரிக்காயைப் பாதி கீழே தள்ளிவிட்டு, மீதிக் கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்தோம். அவர் அடித்த மருந்து, அவர் வளர்த்த காய், அதற்கு நடுவே அவர். பௌதி தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, கண்ணைத் திறங்களேன், நான் பேசறது கேக்குதா" என்று வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு, இங்கே முடியாது, கல்கத்தாவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். என் டிரைவர் அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் பார்த்த மாத்திரத்தில், "பூச்சி மருந்தா?" என்று கேட்டார். தலைமை நர்ஸை எல்லோரும் தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வயதானவர், கண்ணாடி போட்டவர், குரல் கணீரென்று இருக்கும். உடுத்தியதை எல்லாம் கழற்றச் சொல்லி, உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். கழற்றிய துணியை ஒரு சாக்கில் போட்டு வெளியே வைக்கச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக ஊசி ஏறியது.

இங்கேதான் நான் அடுத்த தப்பைச் செய்தேன். லுங்கியும் பனியனும் சாக்குக்குள் போயின. துண்டும் போகப் பார்த்தது. ஈரோட்டுத் துண்டு, போட்டு ஒன்பது நாள்கூட ஆகவில்லை. சாக்கில் போட்டால் எவனாவது கொண்டுபோய்விடுவான் என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணிக்குத் தாதாவுக்கு எச்சில் நின்றது. மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து பௌதியைப் பார்த்தார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது, துண்டால் துடைத்தேன். வாயோரம் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். பௌதி கை எடுத்துக் கும்பிட்டாள், "எந்த முதலாளி இப்படிப் பார்ப்பாரு" என்று. எனக்கும் அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மறுபடியும் எச்சில் வழிய ஆரம்பித்தது. மூச்சு கர்கர்ரென்று இழுத்தது. டாக்டர் ஓடி வந்தார், ஊசியைக் கூட்டினார். கொஞ்சம் தேறியது. நான் துடைத்தேன். மறுபடியும் மோசமானது. "குடிச்சாரா? வயித்துக்குள்ள போயிருக்கா?" என்று டாக்டர் பௌதியைக் கேட்டார். இல்லவே இல்லை என்று அவள் காளி மேல் சத்தியம் செய்தாள். டாக்டர் முகம் மாறிவிட்டது. "ஏன் திரும்பித் திரும்பி மோசமாகுதுன்னு தெரியல. இப்படியே போனா மூச்சு நின்னுடும்" என்று நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எனக்கு வங்காளம் புரியுமே.

எனக்கும் தலை கனத்தது. வார்டில் லைட்டைக் குறைத்துவிட்டார்களா என்று நினைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் இருக்கும் என்று துண்டால் என் முகத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

நர்ஸ் தீதி கட்டிலைச் சுற்றி வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏ பாபு, என்னைப் பாருங்க."

பார்த்தேன். டார்ச்சை என் கண்ணில் அடித்தார்.

"கண்ணு பாப்பா எள்ளு மாதிரி சுருங்கிக் கெடக்கு. நீங்களும் மருந்தடிச்சீங்களா?"

"நான் முதலாளிம்மா. நான் ஏன் மருந்தடிக்கப் போறேன்?"

"அப்ப தோள்ல என்ன?"

"துண்டு. பூஜைக்கு நான் குடுத்தது."

"யார் கட்டியிருந்தது?"

நான் கட்டிலைக் காட்டினேன். அவர் துண்டின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சட்டென்று கீழே விட்டார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"எத்தனை தரம் இதால அவரைத் துடைச்சீங்க?"

பௌதிதான் சொன்னாள், "மத்தியானத்திலேந்து துடைச்சுக்கிட்டே இருக்காரு தீதி, பாவம்."

"பாவமா? நாங்க ஒரு பக்கம் ஊசி போட்டு எறக்கறோம், இந்த மனுஷன் இன்னொரு பக்கம் வெஷத்தை ஏத்திக்கிட்டு இருக்காரு! தோல் குடிக்கும்யா, தோல்! வாயால மட்டுந்தான் குடிக்கணுமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நூறு பேருக்கு முன்னால் என்னை நிற்க வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கை, முகம், கழுத்து எல்லாம் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவச் சொன்னார். கழுவிக்கொண்டே நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கரியடுப்பு, ஈரத்துண்டு, தொட்டி, கழுத்து எரிகிறது என்று தாதா சொன்னது, நான் கஞ்சி என்று சொன்னது, எல்லாம். தீதி கோபத்தை விட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். புகை வேறு, மருந்து வேறு. ஈரமான தடித்த துணி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக்கொண்டு ஊட்டிவிடும். காம்சாவும் பாதுகாப்பு இல்லை, ஆனால் அது காற்றில் உலர்ந்துவிடும். "நீங்க குடுத்தது பஞ்சு மாதிரி. குடிச்சுக் குடிச்சு வச்சிருக்கு. அவர் கழுத்துல நாளெல்லாம் ஒரு புட்டியைக் கவுத்து வச்ச மாதிரி" என்றார்.

தாதாவை மறுபடியும் தலையிலிருந்து கால்வரை கழுவினார்கள். படுக்கை விரிப்பை மாற்றினார்கள். நான் பனியனோடு, சுவரோடு சுவராக நின்றேன். பவானிபூரில் கடை வைத்திருப்பவன், எட்டு பிகா முதலாளி, ஐந்து பாஷை பேசுபவன். அந்த ஐந்து பாஷையிலும் சாமியைக் கூப்பிட்டேன். பௌதியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவளோ நடந்தது முழுசாகப் புரியாமல், "பாபு, நீங்க வீட்டுக்குப் போங்க, முகம் வெளுத்துப் போச்சு" என்று என்னைத் தேற்றினாள்.

ஐந்தரை மணிக்கு மூச்சு சீரானது. அதன் பிறகு மோசமாகவில்லை.

நான் வீட்டுக்குப் போனதும் என் மனைவி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "துண்டு குடுக்கப் போன மனுசன் சட்டையும் இல்லாம வந்து நிக்கிறீகளே" என்றாள். உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் உள்ளே போய் வெந்நீர் போட்டாள்.

மறுநாள் காலையில் இன்னொரு காரியம் இருந்தது. மற்ற ஏழு பேரிடமும் அதே துண்டு இருக்கிறது. மருந்து கலக்கக் கை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதே தொட்டியில் துண்டை அலசியவர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டையும் விட்டு வைக்கக் கூடாது என்று நர்ஸ் தீதி சொல்லியிருந்தார். எரிக்கவும் கூடாதாம், அந்தப் புகையும் ஆகாதாம்.

கரியாஹாட்டுக்குப் போய், நான் கேலி செய்த அதே பிளாட்பாரத்தில், காம்சா வாங்கினேன். தோட்டத்துக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டேன். பூஜைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற முதலாளியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. அந்த வாயாடிக் கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மன் இன்னும் பந்தலுக்கே வரல, அதுக்குள்ள மதராசி பாபு குடுத்ததைத் திருப்பிக் கேக்கறாரு! நாங்க என்ன துண்டுக்குச் செத்தவங்களா? எடுத்துக்கிட்டுப் போங்க!"

ஒரு பெண் மட்டும் தர மறுத்தாள். அந்தத் துண்டில் தன் கைக்குழந்தையைச் சுற்றி வைத்திருந்தாள். குழந்தைக்கு மெத்தென்று இருக்கிறதாம். அதற்குமேல் சுற்றி வளைக்க முடியவில்லை. கொட்டகைக்கு முன்னால், ஒன்பது நாளுக்கு முன் நான் கொள்ளைக்காரன் மாதிரி நின்ற அதே இடத்தில் நின்று சொன்னேன்: "தப்பு என்னோடது. தாதா படுத்திருக்கறதுக்குக் காரணம் நான் குடுத்த துண்டு. எரியுதுன்னு அவர் சொன்னாரு, நான் கேக்கல. அந்தப் புள்ளைய அதுலேந்து எடும்மா."

அந்தப் பெண் குழந்தையைத் துண்டிலிருந்து எடுத்து, நேரே குளத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, அவள் அதை அந்தத் தொட்டியில் ஒருநாளும் நனைத்ததில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழவிதான் முதலில் ஒரு காம்சாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதைத்தான் மொதல்லயே குடுத்திருக்கலாம்ல" என்றாள். எல்லாத் துண்டையும் ஒதுக்குப்புறத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன். வேனில் மிச்சமிருந்த கத்திரிக்காயையும் அதிலேயே கொட்டினேன். அந்தச் சனிக்கிழமை கிடர்பூர் பால்கனிகள் என்னைத் தேடி ஏமாந்தன.

தாதா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பூஜைக்கு அடிக்கிற டாக் மேளச் சத்தத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகவே கேட்டார், பந்தலைப் பார்க்கவில்லை. பிழைத்தார். ஆனால் முழுசாகப் பழைய ஆளாக வரவில்லை. விரல் நுனிகள் மரத்துவிட்டன. சட்டைப் பொத்தானைப் பௌதிதான் போட்டுவிட வேண்டும். டேங்கை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை, நானும் இன்னொருவர் முதுகில் அதை ஏற்றவில்லை. அவரை என் பவானிபூர்க் கடையில் உட்கார வைத்தேன். ஓட்டைக் காய் வர ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் மாமி ஒருவர், "என்னங்க, ஒங்க சத்தியம் என்னாச்சு?" என்று கூடையை நீட்டினார். "புழு சாப்பிட்டுப் பார்த்துச் சரின்னு சொன்ன காய் மாமி" என்றேன். பாதிப் பேர் சிரித்து வாங்கினார்கள், பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

நான் செய்ததையெல்லாம் ஒருநாள் தாதாவிடம் என் வாயாலேயே சொன்னேன், ஆஸ்பத்திரியில் துடைத்ததையும் சேர்த்து. முழுக்கக் கேட்டுவிட்டு, "துண்டு நல்ல துண்டு பாபு. குளிக்கக் குடுத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பழைய கேலி திரும்பி வந்துவிட்டது.

அடுத்த பூஜைக்கு அவர் எனக்கு ஒரு காம்சா வாங்கி வந்தார். மரத்துப்போன விரல்களால் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்து, "இந்தாங்க பாபு, கொசுவலை" என்றார். வருஷம் தவறாமல், அவர் இருந்த வரைக்கும் கொடுத்தார். கடைசியில் பௌதி கையில் கொடுத்து அனுப்பியதையும் சேர்த்துப் பன்னிரண்டு காம்சா என் அலமாரியில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படிக்காமலேயே எல்லாம் தெரிந்துகொண்டவன் என்று இன்றைக்கும் என்னைச் சொல்லிக்கொள்வேன், அந்தப் பெருமை போகாது. ஆனால் கழுத்து எரிகிறது என்று ஒரு மனுஷன் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்பதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே தாராளம் என்பதை, இந்த மெல்லிய துண்டு தோளில் விழும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.